வழிந்த நீர்: ‘சூப்பர்ஃப்ளுவஸ்’ என்ற சொல்லும் லியர் அரசனும்

1

ஒருநாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். நண்பன் ஒருவன் போன் செய்தான். மென்பொருள் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷமாக வேலை பார்த்தவன். அன்று சாயங்காலம் வந்த மெயிலை வரிவரியாக வாசித்துக் காட்டினான். அவன் வகித்த பொறுப்பு ‘ரிடண்டன்ட்’ ஆகிவிட்டதாம். மற்றதெல்லாம் வழக்கமான நன்றியும் வாழ்த்தும்தான். “டேய், நீதான இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிச்சவன். ரிடண்டன்ட்டுன்னா கரெக்டா என்னடா அர்த்தம்?” என்றான்.

அர்த்தம் தெரியாமல் அவன் கேட்கவில்லை என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. “தேவைக்கு மேல இருக்கறது. சூப்பர்ஃப்ளுவஸ் மாதிரி” என்று அகராதியைப் போலச் சொல்லி வைத்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “ஓ... மிச்சம்னு சொல்றாங்க” என்றான். வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் என்னை விடவில்லை. ரிடண்டன்ட், சூப்பர்ஃப்ளுவஸ். இரண்டுக்கும் நாம் போடுகிற தமிழ் ஒன்றுதான்: தேவையற்றது. கட்டுரைக்குப் போட்டால் எடிட்டிங், மனிதனுக்குப் போட்டால் வேலைநீக்கம். பொருளுக்கும் வாக்கியத்துக்கும் சொல்ல வேண்டிய ஒரு சொல் மனிதன் மேல் எப்படி வந்து ஒட்டியது? இதைத் தேடிப் போனவனை, எதிர்பார்த்தது போலவே, ‘கிங் லியர்’ வழியில் மறித்துக்கொண்டது.

2

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேலே. ‘ஃப்ளுவெரே’ என்றால் பாய்தல், ஓடுதல். பாத்திரம் நிறைந்து விளிம்புக்கு மேலே வழிகிற நீர்தான் சூப்பர்ஃப்ளுவஸ். ‘ஃப்ளுயன்ட்’ என்று சரளமான பேச்சைச் சொல்கிறோமே, அதுவும் இதே ஓட்டம். ‘அஃப்ளுவன்ட்’ என்று பணக்காரனைச் சொல்கிறோமே, அவனிடம் செல்வம் வந்து பாய்கிறது என்பதுதான் அதன் மூலப்பொருள்.

ரிடண்டன்ட்டின் கதையும் தண்ணீர்க் கதையே. லத்தீனில் ‘உண்டா’ என்றால் அலை. கரை தளும்பித் திரும்ப வழிவதுதான் ‘ரெடுண்டாரே’. ஏராளத்தைக் குறிக்கும் ‘அபண்டன்ட்’டிலும் இருப்பது அதே அலை. ‘சரவுண்ட்’ என்ற சொல்கூட ஆரம்பத்தில் வெள்ளம் மூடுவதைத்தான் குறித்தது. ‘ரவுண்ட்’ என்ற ஒலியோடு குழம்பித்தான் சுற்றிவளைத்தல் ஆனது. ஜெர்மன்காரர்களும் மேலே வழிதல் என்கிற அதே கட்டுமானத்தில் ‘யூபர்ஃப்ளூஸிஹ்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள்.

ஆக, ஐரோப்பிய மொழிகள் மிகுதியை நினைத்தபோது தண்ணீரைத்தான் நினைத்திருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழிகிற நீரில் குறை ஏதும் கிடையாது. உள்ளே இருக்கும் நீரும் வெளியே வழியும் நீரும் ஒரே நீர். எது உபரி என்பதைத் தீர்மானிப்பது பாத்திரத்தின் விளிம்புதான். மூலத்தில் இந்தச் சொல் நீரைப் பழிக்கவே இல்லை. பழி பிற்பாடு வந்து சேர்ந்தது.

3

ஆங்கிலத்தில் இந்தச் சொற்குடும்பம் பழக்கத்துக்கு வருவது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில். ‘சூப்பர்ஃப்ளூயிட்டி’ என்ற பெயர்ச்சொல்லை ஜெஃப்ரி சாசர் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பயன்படுத்துகிறார். இரண்டு இடங்கள் நமக்கு முக்கியம்.

ஒன்று, சேவலும் பெட்டைக்கோழியும் பேசிக்கொள்ளும் கதை. சேவல் கெட்ட கனவு கண்டு பயந்து எழுகிறது. தன்னைப் பிடிக்க ஒரு மிருகம் வருவதாகக் கனவு. பெட்டை சிரிக்கிறது. “உனக்குப் பித்தம் ஏறிப்போச்சு, பேதிக்குச் சாப்பிடு, சரியாப் போயிரும்” என்கிற தோரணையில் வைத்தியம் சொல்கிறது. ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு திரவங்கள் உடலில் அளவாக இருக்க வேண்டும், ஒன்று மிகுந்தால் நோய் என்பது அந்தக் கால மருத்துவம். அந்த மிகுதிக்குப் பெட்டை சொல்லும் பெயர்தான் சூப்பர்ஃப்ளூயிட்டி. ஆனால் கதையில் என்ன ஆகிறது? நிஜமாகவே நரி வந்து சேவலின் கழுத்தைக் கவ்விக்கொண்டு போகிறது. மிகை என்று நோய்க்குறிப்பு எழுதப்பட்ட கனவு உண்மையை எச்சரித்திருக்கிறது. வேடிக்கைக் கதைதான். ஆனாலும் எதையாவது ‘ஓவர்’ என்று தள்ளுவதற்கு முன் இந்தச் சேவலை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பாதிரியாரின் நீண்ட உபதேசம். அதில் உடையில் காட்டும் மிகுதியை அவர் பாவமென்று கண்டிக்கிறார். பணக்காரர்களின் நீள அங்கிகள் சாணியிலும் சேற்றிலும் இழுபட்டு வீணாகின்றன, அந்தத் துணி ஏழைக்குப் போயிருக்க வேண்டும் என்பது அவருடைய ஆதங்கம். ஒருவனின் மிகை இன்னொருவனின் குறை என்ற கணக்கு அப்போதே சொல்லுக்குள் ஏறிவிட்டது.

அரசாங்கத்துக்கும் உடை மேல் ஒரு கண் இருந்தது. ஆனால் அதன் கவலை வேறு. 1363இல் மூன்றாம் எட்வர்டு காலத்துச் சட்டம் யார் என்ன துணி உடுத்தலாம், என்ன சாப்பிடலாம் என்று அந்தஸ்து வாரியாக வகுத்தது. 1574இல் முதலாம் எலிசபெத் வெளியிட்ட பிரகடனம் ஆடையில் மிகுதியையும் தேவையற்ற அயல்நாட்டுச் சரக்குகளின் பெருக்கத்தையும் சாடியே தொடங்குகிறது. கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் போல் உடுத்திவிடக் கூடாது என்பதுதான் உள்ளே இருந்த பயம். பாதிரியாருக்கு மிகை என்பது ஏழைக்குச் சேர வேண்டியது. அரசுக்கு மிகை என்பது கீழே இருப்பவன் தன் இடத்தைத் தாண்டுவது. ஒரே சொல்தான், விளிம்பை வரைகிற கை வேறு.

இந்த உடைச் சட்டங்களை 1604இல் ஆங்கில நாடாளுமன்றம் ரத்து செய்தது. சரியாக அந்தக் காலத்தில்தான் ஷேக்ஸ்பியர் ‘கிங் லியர்’ எழுதுகிறார். 1606 டிசம்பர் 26 அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னால் நாடகம் நடிக்கப்பட்டது. எவ்வளவு துணி, எவ்வளவு ஆள், எவ்வளவு உணவு ஒருவனுக்குப் போதும் என்ற கேள்வி அன்றைய பார்வையாளருக்கு நேற்றைய செய்தி.

4

கதை எல்லோருக்கும் தெரியும். நாட்டை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்த கிழவன் தனக்கென்று நூறு வீரர்களை மட்டும் வைத்துக்கொள்கிறான். மூத்த மகள் கானரில் வீட்டில் ஒரு மாதம், இளையவள் ரீகன் வீட்டில் ஒரு மாதம் என்று ஏற்பாடு. நூறு பேர் ஐம்பது ஆகிறார்கள். ஐம்பது இருபத்தைந்தாகிறது. பிறகு ஏலம் இறங்குவதைப் போல பத்து, ஐந்து. ஒருவர்கூட எதற்கு என்று கடைசியில் கேட்கிறாள் ரீகன்.

மகள்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உங்கள் வீட்டில் நூறு ஆம்பிளைகள் மாசக்கணக்கில் தங்கிக் குடித்துக் கும்மாளம் போட்டால் எப்படி இருக்கும்? 1962இல் பீட்டர் புரூக் இந்த நாடகத்தை அரங்கேற்றியபோது லியரின் ஆட்கள் கானரிலின் கூடத்தையே துவம்சம் செய்வதாகக் காட்டினார். பார்வையாளருக்கு முதல்முறையாகக் கானரில் மேல் இரக்கம் வந்தது. வீட்டு நிர்வாகி என்ற முறையில் அவள் கேட்பது சரியான கேள்வி. இவ்வளவு வேலைக்காரர்கள் இங்கே இருக்கும்போது உங்களுக்குத் தனியாக ஆட்கள் எதற்கு? இன்றைய மொழியில் சொன்னால் ‘காஸ்ட் கட்டிங்’.

இங்கேதான் லியர் அந்தச் சொல்லைப் போடுகிறான். தேவையைக் கணக்குப் போடாதே என்கிறான். மிகக் கேவலமான பிச்சைக்காரனிடம்கூட அவனுடைய அற்பமான உடைமையில் ஏதோ ஒன்று சூப்பர்ஃப்ளுவஸாக இருக்கிறது. உயிர் வாழத் தேவையானதை மட்டும் மனிதனுக்கு அளந்து கொடுத்தால் அவன் வாழ்க்கைக்கும் விலங்கின் வாழ்க்கைக்கும் ஒரே விலைதான். மகளைப் பார்த்தே கேட்கிறான்: நீ போட்டிருக்கும் இந்தப் பகட்டான உடை உனக்குக் குளிரைக்கூடச் சரியாகத் தடுக்கவில்லையே, அது எதற்கு? உடைச் சட்டங்களின் காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை புரியும். உன்னிடம் இருக்கிற உபரிக்கு நீ பெயர் வைப்பதில்லை, என்னிடம் இருப்பதற்கு மட்டும் வைக்கிறாய் என்கிறான்.

இந்த இடத்தில் மிகைதான் மனிதன். சரி, அப்படியே முடிந்திருந்தால் இது ஒரு ராஜாவின் சொகுசுக்கான வாதம் என்று நாம் தள்ளிவிடலாம். ஷேக்ஸ்பியர் அடுத்த அங்கத்தில் அவனைப் புயலில் இறக்கிவிடுகிறார். கொட்டும் மழையில் குடிசை வாசலில் நின்றபடி, வீடும் துணியும் இல்லாத ஏழைகளை லியர் முதல்முறையாக நினைக்கிறான். இவர்களைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லையே என்கிறான். பகட்டைப் பார்த்து மருந்து குடிக்கச் சொல்கிறான். மருந்து என்றால் அன்று வயிற்றைக் கழுவும் மருந்தும்தான். அப்படிக் கழுவி உன் ‘சூப்பர்ஃப்ளக்ஸ்’ஸை அவர்கள் மேல் உதறு என்கிறான். ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லை வேறு எங்கும் பயன்படுத்தவில்லை. சாசரின் பெட்டைக்கோழி சொன்ன உடல் மிகுதியும் பாதிரியார் சொன்ன துணி மிகுதியும் இந்த ஒரு சொல்லில் வந்து சேர்கின்றன. அதில் ஒரு அருவருப்பும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணக்காரனின் வயிற்றிலிருந்து கழிந்து விழுவதுதான் ஏழைக்கு என்கிறானா இவன்? தர்மம் செய்கிறவர்களின் சொல்லில் அந்த நாற்றம் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

மூன்றாவது இடம் நான்காவது அங்கத்தில் வருகிறது. பேசுவது லியர் இல்லை, கண்கள் பிடுங்கப்பட்ட குளோஸ்டர். வழியில் பார்த்த ஒரு பைத்தியக்காரனுக்குத் தன் பணப்பையைக் கொடுக்கிறான். அந்தப் பைத்தியக்காரன் வேஷம் போட்ட சொந்த மகன் என்று அவனுக்குத் தெரியாது. மிதமிஞ்சி வைத்திருக்கிற, எதையும் உணராத மனிதன் வானத்தின் வல்லமையை உணரட்டும், பகிர்வு மிகுதியைக் கரைக்கட்டும், ஆளுக்குப் போதுமானது கிடைக்கட்டும் என்கிறான். இங்கே சூப்பர்ஃப்ளுவஸ் என்ற அடைமொழி முதல்முறையாக மனிதன் மேல் விழுகிறது. எந்த மனிதன்? அளவுக்கு மீறி வைத்திருப்பவன்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1606இல் ‘சூப்பர்ஃப்ளுவஸ் மனிதன்’ என்றால் பணக்காரன்.

5

அடுத்து நடந்ததைப் பார்ப்பதற்கு முன், இந்த நாடகத்திலேயே மிகை என்று வெட்டப்பட்ட ஒருவனைப் பற்றிப் பேச வேண்டும். லியரின் கோமாளி. 

1681இல் நேஹம் டேட் என்பவர் நாடகத்தைத் திருத்தி எழுதினார். முடிவில் லியர் பிழைக்கிறான், கார்டிலியாவுக்குக் கல்யாணம் ஆகிறது, சுபம். கோமாளியை மொத்தமாக எடுத்துவிட்டார். சுமார் 150 வருஷம் இங்கிலாந்து மேடைகளில் அவன் இல்லாத லியர்தான் ஓடியது. 1838இல் வில்லியம் மக்ரெடி அவனைத் திரும்பக் கொண்டுவந்தார். 1906இல் வெளியான ஷேக்ஸ்பியர் பற்றிய கட்டுரையில் தல்ஸ்தோய் மறுபடியும் அதே புகாரைச் சொன்னார். நாடகமே மிகைகளின் குவியல், கோமாளியின் ஜோக்குகள் சிரிப்பு வராதவை, பொருத்தமில்லாதவை. இதற்கு ஜார்ஜ் ஆர்வெல் 1947இல் எழுதிய பதில், விமர்சனக் கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இன்றும் உதாரணம். கோமாளி நாடகத்துக்கு அத்தியாவசியம் என்கிறார் ஆர்வெல். மற்றவர்களின் வெறியாட்டத்துக்கு நடுவே நிதானத்தின் கீற்று அவனிடம்தான் வருகிறது. கூடவே, எல்லாவற்றையும் துறந்து கடைசிக் காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பிய தல்ஸ்தோயின் வாழ்க்கை லியரின் கதையைப் போலவே இருப்பதையும் சுட்டிக்காட்டுகிறார்.

நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். அரசனின் பரிவாரத்தில் கோமாளியைவிடத் தேவையற்ற பதவி எது? சண்டை போடமாட்டான், சமைக்கமாட்டான். கணக்குப் பார்த்தால் முதலில் போக வேண்டியவன் அவன். நூறு வீரர்களும் எங்கே போனார்கள் என்றே தெரியாத புயலில் லியருக்குப் பக்கத்திலேயே நிற்கிறவனும் அவன்தான். கிழவன் உடைகளைக் கிழித்துப் போடும்போது மழையில் நின்றுகொண்டு ஜோக்கடித்துத் தடுக்கப் பார்க்கிறான். மூன்றாம் அங்கத்தோடு காணாமல் போகிறான். ஏன் போனான், எங்கே போனான், நாடகம் சொல்வதில்லை. ஒரு மெயில்கூட இல்லை.

எழுதப் பழகுகிறவர்களுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது ‘அனாவசியத்தை வெட்டு’ என்பதைத்தான். நன்னூலின் பத்துக் குற்றங்களிலும் மிகைபடக் கூறல் உண்டு. அறிவுரை சரிதான். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் டேட்டும் தல்ஸ்தோயும் நல்ல ரசனைக்காரர்கள் என்ற நம்பிக்கையோடுதான் கத்தியை எடுத்தார்கள். படைப்பில் எது மிகை என்பது முழுப் படைப்பும் என்ன செய்கிறது என்று புரிந்த பிறகே தெரியும். அதற்கு முன் வெட்டுகிறவன் கானரிலின் கணக்கைத்தான் போடுகிறான்.

6

1850இல் துர்கனேவ் ஒரு குறுநாவல் எழுதினார். ஆங்கிலத்தில் கான்ஸ்டன்ஸ் கார்னெட் அதற்குக் கொடுத்த தலைப்பு ‘ஒரு சூப்பர்ஃப்ளுவஸ் மனிதனின் நாட்குறிப்பு’. ரஷ்யச் சொல் ‘லிஷ்னி’. அதில் தண்ணீர் இல்லை. கூடுதலாக நிற்பது, கணக்கில் வராதது என்ற அளவில்தான் பொருள். சாகக் கிடக்கும் சுல்கதூரின் என்ற இளைஞன் தன்னைப் பற்றி எழுதுகிறான். வண்டியில் ஏற்கெனவே போதுமான குதிரைகள் பூட்டியிருக்க, சும்மா கட்டிவைத்த ஐந்தாவது குதிரை நான் என்கிறான். காதலித்த பெண்ணின் மனம் வேறொருவனிடம். சண்டைக்கு அழைத்தும் பிரயோஜனமில்லை. அவன் செத்த பிறகு நாட்குறிப்பைப் படித்த யாரோ ஒருவன் அதன் அடியிலேயே தனக்கு இது பிடிக்கவில்லை என்று கிறுக்கி வைக்கிறான். கொடுமையான நகைச்சுவை.

ஷேக்ஸ்பியருக்கும் துர்கனேவுக்கும் நடுவே சுமார் 250 வருஷத்தில் சொல் தலைகீழாகிவிட்டது. அன்று மிகையை *வைத்திருந்தவன்* சூப்பர்ஃப்ளுவஸ் மனிதன். இன்று *தானே* மிகையாக இருப்பவன். பணக்காரன் மேல் வீச எடுத்த கல் இல்லாதவன் மேல் விழுந்திருக்கிறது.

இது இலக்கியத்தில் மட்டும் நடக்கவில்லை. 1862இல் டபிள்யூ. ஆர். கிரெக் என்பவர் பெண்கள் ஏன் ரிடண்டன்ட்டாக இருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் எண்ணிக்கையில் அதிகம், கல்யாணமாகாத பெண்களைக் காலனிகளுக்குக் கப்பலேற்றலாம் என்பது அவர் சொன்ன தீர்வு. வீட்டு வேலைக்காரிகளை மட்டும் உபரிக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள்தான் ஆண்களுக்குச் சேவை செய்கிறார்களே! விளிம்பை எங்கே வரைந்திருக்கிறார் பாருங்கள். 1965இல் பிரிட்டன் வேலையிழப்பவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தை இயற்றியபோது அதன் பெயரிலேயே ‘ரிடண்டன்சி’ ஏறிக்கொண்டது. சட்டம் தொழிலாளிக்கு நல்லது செய்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சொல் நிரந்தரமாகிவிட்டது.

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஹன்னா அரென்ட். ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடி, பல வருஷம் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாமல் வாழ்ந்தவர். 1951இல் வெளியான ‘சர்வாதிகாரத்தின் தோற்றுவாய்கள்’ பற்றிய நூலில் அவர் திரும்பத் திரும்ப எடுக்கும் சொல் இதே சூப்பர்ஃப்ளுவஸ்தான். மனிதர்களை மனிதர்களாகவே தேவையற்றவர்களாக்குவதுதான் வதைமுகாம்களின் வேலை என்கிறார். கொலை அதன் பிறகு வருவது. முதலில் அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள் ஆக்கப்படுகிறார்கள்.

ஒரு கம்பெனி மெயிலையும் வதைமுகாமையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது அபத்தம், செத்தவர்களுக்கு அவமரியாதை. நான் சொல்வது சொல்லைப் பற்றி. ஒரு மனிதனைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதைப் பற்றி. அன்று ராத்திரி என் வாயிலும்தான் வந்தது.

7

லியரின் அந்த மூன்று இடங்களையும் தமிழில் போட்டுப் பார்க்க முயன்றேன். ‘தேவையற்றது’ சரிவரவில்லை, அது கானரிலின் சொல். ‘மிகை’ இலக்கணப் புத்தகத்தின் வாசனை அடிக்கிறது. ‘உபரி’ பரவாயில்லை. அணையில் உபரி நீர் திறப்பு என்று பேப்பரில் போடும்போது அதில் தண்ணீர் இருக்கிறது. ‘கொசுறு’ பிடித்திருந்தது. காய்கறிக்காரம்மா கணக்குக்கு மேலே போடும் கறிவேப்பிலை. லியர் பிச்சைக்காரனிடம் பார்த்தது அந்த மாதிரி ஒன்றைத்தான். ஆனால் ராஜாவின் வாயில் கொசுறு நிற்காது.

கடைசியில் எங்கள் ஊர்ச் சொல் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கம் குளம் நிறைந்து வழிந்தால் ‘மறுகால் பாயுது’ என்பார்கள். அதைப் பார்க்க ஊரே கிளம்பிப் போகும். மேலக்குளம் மறுகால் பாய்ந்தால்தான் கீழக்குளத்துக்குத் தண்ணீர். வழிகிற நீருக்கு அங்கே மிச்சம் என்று பெயர் கிடையாது, அது அடுத்த ஊரின் விளைச்சல். லியர் புயலில் உளறிய சூப்பர்ஃப்ளக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்க்கவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. லியர் சொல்கிற ஏற்பாட்டில் கொடுக்கிறவனின் மனம் இளக வேண்டும். குளத்தில் யார் மனமும் இளக வேண்டாம். இந்த மட்டத்துக்கு மேல் வந்தால் அது உன்னுடையது இல்லை என்று கலிங்கின் உயரம் முடிவு செய்துவிடும். மேலூர்க்காரன் ராத்திரியில் மறுகாலில் மண்மூட்டை அடுக்கினால் கீழூர்க்காரன் அரிவாளோடு வருவான். விளிம்பை யார் வரைகிறார்கள் என்பதுதான் எப்போதும் சண்டை.

நண்பனுக்கு நாலு மாதம் கழித்து வேறு இடத்தில் வேலை கிடைத்தது, சம்பளம் கொஞ்சம் குறைவு. போன வாரம் இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். லத்தீன், சேவல், கோமாளி எல்லாம். பொறுமையாகக் கேட்டான். “அன்னைக்கு நான் அர்த்தமாடா கேட்டேன்?” என்றான்.

இல்லைதான். அவன் கேட்டது வேறு. பதினான்கு வருஷம் ஒரு இடத்தில் இருந்த ஒருவனை இந்தச் சொல்லால் சொல்லலாமா என்று கேட்டான். கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அகராதி தேவைப்பட்டிருக்காது.